வேலிக்கு அந்தப் பக்கம் எண்பது ஏக்கர்

அன்பும் மரியாதையும் மிக்க மார்லிஸ் அக்காவுக்கு, அயோவாவிலிருந்து தம்பி வெர்லின் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? அரிசோனாவில் வெயில் எப்படி? இங்கே நானும் கார்லாவும் மாடுகளும் நலம். நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உண்மையைச் சொன்னால், சனிக்கிழமையிலிருந்து எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை.

நம் கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இர்மாவின் எண்பது ஏக்கர் விலைக்கு வந்தது. அவள் புருஷன் போன பிறகு பிள்ளைகள் நகரத்திலிருந்து வந்து விற்றே ஆகவேண்டும் என்றுவிட்டார்கள். பக்கத்து நிலம் ஒரு ஆயுளில் ஒரு தடவைதான் விலைக்கு வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் விலை ஏறுமா இறங்குமா என்று கேட்டால் ஒருத்தரும் நேராகப் பதில் சொல்வதில்லை. காப்பிக் கடையில் நிலம் வைத்திருப்பவன் ஏறும் என்கிறான், வாங்க நினைப்பவன் விழும் என்கிறான். கல்லூரியிலிருந்து ஒரு நிபுணர் வந்து படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். ஏறலாம், இறங்கலாம், இப்படியே நிற்கவும் செய்யலாம் என்று முடித்தார், நாங்கள் கைதட்டிவிட்டு வந்தோம். எனக்கோ வேறு தொந்தரவு. வாங்கலாம் என்று நினைத்தால் அடுத்த நிமிஷமே விலை பாதாளத்துக்குப் போவது கண்ணுக்குத் தெரிகிறது. வேண்டாம் என்று முடிவு செய்தால் அப்போதிருந்தே ஏற ஆரம்பிக்கிறது. சோளம் விற்கிற விலைக்கு உரத்துக்கே காணாது, வட்டியோ கேட்கவே வேண்டாம். எண்பதுகளில் நிலத்தின் விலை சரிந்த அந்தக் குளிர்காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா சமையலறை மேஜையில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அந்த முதுகுதான் ஞாபகம் வருகிறது.

சரி, வாங்காமல் விட்டுவிடலாம் என்றால் டெல்பர்ட் இருக்கிறான். மேற்குச் சாலையில் பன்றிக் கொட்டகை வைத்திருக்கிறானே, அவனேதான். இர்மாவின் நிலத்தில் இன்னும் இரண்டு கொட்டகை போடப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. காற்று அந்தப் பக்கமிருந்துதான் நம் வீட்டுக்கு வரும். "வெர்லின், அவன் வாங்கினான்னா நான் துணியை வெளியில காயப்போட முடியாது, ஜன்னலைத் திறக்க முடியாது, சாகிற வரைக்கும் மூக்கைப் பொத்திக்கிட்டே சமைக்கணும். ஆனா உன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? ஒரு ஜோடி காலுறை வாங்கவே நீ மூணு மாசம் யோசிப்பே" என்று கார்லா சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆக, வாங்குவதில்லை என்று திடமாக முடிவு செய்துதான் சனிக்கிழமை அந்த நிலத்தின் ஏலத்துக்குப் போனேன். சும்மா பார்க்க. ஊரே தீயணைப்பு நிலையக் கூடத்தில் தொப்பியைக் கழற்றாமல், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது. நான் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். டெல்பர்ட் கதவோரம் சாய்ந்து நின்று விலையை ஏற்றிக் கேட்டுக்கொண்டே போனான். போனில் விலை கேட்டுக்கொண்டிருந்த வெளியூர்ப் பல் டாக்டர் ஒருத்தரும் பின்வாங்கிவிட்டார். அப்போதுதான் லைல் என்னிடம் வந்தார். சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுத்து வருவாரே, அவர்தான் இப்போது ஏலக்காரருக்காகக் கூட்டத்துக்குள் போய் ஒவ்வொருத்தரிடமும் விலை கேட்டு வாங்கும் ஆள்.

"வெர்லின், ஏக்கர் பன்னண்டாயிரம் டாலர். சொல்றியா?" என்றார்.

"ஐயோ, எனக்கு வேணாம் லைல்."

"உன் வேலியை ஒட்டின நிலமாச்சேப்பா. யோசிச்சுப் பாரு."

"இல்ல, இல்ல, பரவாயில்ல. வேற யாராவது எடுத்துக்கட்டும்."

அவர் போயிருக்கலாம் அக்கா, போயிருக்கலாம்! போகவில்லை. குனிந்து, தோளில் கை வைத்து, அவ்வளவு பிரியமாக, "நிஜமாவே வேணாமா?" என்றார்.

அம்மா நம்மை எப்படி வளர்த்தாள் என்று உனக்கே தெரியும். யார் வீட்டில் எது கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லணும், மூன்றாம் தடவை கேட்டால் வாங்கிக்கணும், அதையும் மறுத்தால் கேட்டவரை அவமானப்படுத்தின மாதிரி. இந்த ஊரே அப்படித்தான். அரிசோனாவில் ஒரே தடவைதான் கேட்கிறார்கள் என்று தெரியாமல் நீ முதல் வருஷம் பட்டினி கிடந்து இளைத்து வந்தாயே! என் வாய் ஐம்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில் தானாகவே திறந்து, "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால..." என்றது.

டெல்பர்ட் என்னை முறைத்துப் பார்த்தான். "காலுறைக்கே மூணு மாசம் யோசிக்கிறவன் வாயைத் திறந்துட்டான்னா எது வரைக்கும் போறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருப்பான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டானாம். ஏலக்காரரின் சுத்தியல் விழுந்தது, நிலம் என் தலையில். இர்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "நீ வாங்குவேன்னு எனக்குத் தெரியும்டா, அவர் நிலத்துல பன்னி வராது" என்று அழுதாள். முன்பணத்துக்குக் காசோலை எழுதும்போது என் பெயரை நானே தப்பாக எழுதினேன்.

இன்றைக்குக் காலையில் வேலியைத் தாண்டிப் போய் அந்த மண்ணில் நின்று பார்த்தேன். கன்னங்கரேல் என்று இருக்கிறது அக்கா. வேலியைப் பிடுங்கிவிட்டால் அப்பா நிலம் எங்கே முடிகிறது, இது எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. உடனே பயந்துபோய்த் திரும்பி வந்துட்டேன்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். மிச்சப் பணத்துக்கு அப்பா நிலத்தை அடமானம் கேட்கிறது வங்கி. அது நம்ம ரெண்டு பேர் பெயரிலும் இருக்கு, உன் கையெழுத்து இல்லாம நடக்காது. தயவுசெய்து கையெழுத்துப் போடாதே. முன்பணம் போனால் போகட்டும், மானம் போனாலும் போகட்டும், அப்பா நிலமாவது தப்பிக்கும். விலை விழுந்தால் ரெண்டும் சேர்ந்து போயிடும், அப்புறம் அந்த ஜன்னல் பக்கத்துல உட்கார வேண்டியது நான்தான். எனக்குப் பயமா இருக்கு அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம். உன் முழங்காலுக்கும் உங்கள் இருவருக்கும் ஆண்டவர் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தம்பி,
வெர்லின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டெல்பர்ட் வந்துட்டான். ஏக்கருக்கு ஆயிரம் டாலர் கூடப் போட்டுத் தர்றேன், எனக்கே கொடுத்துடுன்னான். எல்லாப் பயமும் தீர்ந்துபோகும், நியாயமா நான் அவனைக் கட்டிக்கொண்டிருக்கணும். வேணாம்னுட்டேன். காப்பி குடிச்சிட்டு மறுபடி கேட்டான். மறுபடி வேணாம்னுட்டேன். இப்ப வாசல்ல வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கான், போகலை. அடுத்துக் கேட்டா மூணாவது தடவை, என் வாய் என்ன சொல்லும்னு உனக்கே தெரியும். கார்லா முன்கதவைப் பூட்டிட்டு என்னை மாட்டுக்கொட்டகைக்குத் துரத்திவிட்டாள். தீவன மூட்டைமேல வச்சு எழுதறதால கையெழுத்து கோணல், மன்னிச்சுக்கோ. வங்கிக் காகிதத்தையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். மேலே எழுதினது எதையும் படிக்காதே, கையெழுத்துப் போட்டு, கிடைச்ச அன்னைக்கே திருப்பி அனுப்பு. நீதான் அரிசோனாக்காரி ஆகிட்டியே, முதல் தடவையிலேயே சரின்னு சொல்லிடு அக்கா. அவன் வண்டிக் கதவு திறக்குது.