முத்திரையாரின் வலது இறக்கை

மனிதன் பறக்கக் கற்ற கதையை எழுதியவர்கள் எல்லாரும் ஒரு மாபெரும் பிழையைச் செய்திருக்கிறார்கள். காற்று என்கிறார்கள், இயந்திரம் என்கிறார்கள், துணிச்சல் என்கிறார்கள். இவை அத்தனைக்கும் மூலாதாரமான ரப்பர் ஸ்டாம்பைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. வான்வெளி அறிவியலின் இந்தப் பெருங்குறையைப் போக்குவதற்காகவே அவதரித்தவர் நம் முத்திரையார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பொதுக் கட்டுமான அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்து, எதிரே வந்த ஒவ்வொரு நகலின் நெற்றியிலும் 'உண்மை நகல்' என்று குத்திக் குத்தி, கடைசியில் அந்தப் பெயர் போய் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் காலத்துச் சாதனைகளுக்கு அளவே இல்லை. ரயில் பாதைக்கு மேலே போகும் நடைபாலம் ஒன்று போதும். அதன் இரண்டு பாதிகளும் நூறு சதவீதம் முடிந்துவிட்டன. இரண்டும் நடுவில் சந்தித்துக்கொள்வது மட்டும்தான் பாக்கி. 'குளிரில் இரும்பு சுருங்கிவிட்டது' என்று அறிக்கை கொடுத்துவிட்டு, நல்ல வெயில் வரட்டும் என்று பதினொரு வருடமாக அலுவலகம் பொறுமையாகக் காத்திருக்கிறது.

ஓய்வு பெற்ற மறுநாளே முத்திரையார் அலுவலகத்துக்குப் போனார். சும்மா பார்த்துவிட்டு வரத்தான். பத்து நாள் சும்மா பார்த்தார். பதினோராம் நாள் பிரிவு முழுவதும் அவசரமாகக் கூடி, அவருக்கு இன்னொரு பிரியாவிடைப் பரிசு கொடுத்தது. பால்சா என்ற லேசான மரத்தில் விமானம் கட்டும் பெட்டி. இருநூற்றுப் பதினான்கு துண்டுகள், ஒரு மோட்டார், கையில் பிடித்து ஓட்ட ஒரு ரிமோட், பெரிய வரைபடம் ஒன்று.

"இதைக் கட்ட எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார் முத்திரையார்.

"அவசரமே இல்லை சார்," என்றார் புது மேலாளர். "வருஷக்கணக்கா எடுத்துக்குங்க. நடுவுல இங்க வந்து அலையவே அலையாதீங்க."

அந்தப் பாசத்தில் முத்திரையாருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் சமதளமான இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஆறடிக்கு நாலடி சாப்பாட்டு மேசை. சாப்பாட்டு மேசை என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அது முத்திரையாரின் மனைவி துணி வெட்டும் மேசை. தெரு முழுக்க அவரைத் தையல்காரம்மா என்றுதான் கூப்பிடும். பக்கத்து மருத்துவமனை நர்சுகளுக்கு நாற்பது வெள்ளைக் கோட்டு தைக்கும் வேலை அப்போதுதான் அவர் கைக்கு வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் நாற்பதும் வரவில்லையென்றால் இனி வெளியூர்க் கம்பெனிக்குத்தான் என்று மேட்ரன் கறாராகச் சொல்லியிருந்தார்.

தையல்காரம்மா கடைக்குப் போய் நூல் வாங்கி வருவதற்குள் மேசை பறிபோயிருந்தது. துணிக்கட்டு நாற்காலியில் கிடந்தது. மேசையின் ஒரு மூலையில் கோப்பு, நடுவில் வரைபடம், மறு மூலையில் 'திட்ட அலுவலகம்' என்று எழுதிய அட்டை.

"ஏங்க, நான் எங்க வெட்டுறது?"

"கட்டில் இருக்கே."

"கட்டில்ல துணி வழுக்கும்ங்க. அளவு நிக்காது."

"பாரு, இது தேசத்துக்கே பெருமை சேர்க்கிற வேலை. விமானம் பறந்த மறு நிமிஷம் மேசை உனக்கு. எழுத்துமூலமா வேணும்னாலும் தர்றேன்."

எழுத்துமூலமாகத் தந்தார். முத்திரையும் குத்தினார். தையல்காரம்மா அந்தத் தாளை ஊசிப்பெட்டியில் வைத்துக்கொண்டு கட்டிலில் வெட்டினார். முதல் கோட்டுக்கு இரண்டு இடது கை வந்தது.

திட்டம் புயல் வேகத்தில் நகர்ந்தது. முதல் வாரத்தில் குழு அமைக்கப்பட்டது. தலைவர் முத்திரையார். தொழில்நுட்ப ஆலோசகர் மாடி வீட்டுக்காரர். இரண்டு முறை விமானத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போன அனுபவசாலி. அதனால் தெருவில் 'ஜன்னல் சீட்டு' என்றே பெயர். "இறக்கை ஆடும் சார், ஆடத்தான் செய்யும். பயப்படக் கூடாது" என்பது அவர் வழங்கிய ஆலோசனைகளில் தலையாயது. கூட்டக் குறிப்பின் கடைசியில் 'இஸ்திரி முதலான சில்லறை வேலைகள்: மனைவி' என்று ஒரு வரியும் இருந்தது. பெண்களுக்கு வாய்ப்பே தரவில்லை என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

இரண்டாம் வாரத்தில் இடது இறக்கை எழுந்தது. வரைபடத்தை மேசைமேல் விரித்து, அதன்மேலேயே குச்சிகளைப் படுக்கவைத்து, குண்டூசி குத்தி, குறுக்கே விலா எலும்புகள்போல விலாத்துண்டுகளை வரிசையாக நிறுத்திப் பசை போட வேண்டும். தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். காகிதத்தில் அச்சு, மேலே குண்டூசி, பிறகு வெட்டு, ஒட்டு, இஸ்திரி. 'இது சட்டை தைக்கிறதுதானே! இதுக்கா கோப்பு?' என்று நினைத்துக்கொண்டார்.

இறக்கையைப் பெயர்த்தெடுத்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. மூல வரைபடத்தில் குண்டூசித் துளைகள்! ஒரு சொட்டுப் பசை வேறு!

முத்திரையார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூலப் பிரதியில் கைவைப்பதா? முப்பத்தாறு வருடத்தில் நடக்காத அக்கிரமம் அல்லவா! உடனே வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பழைய அலுவலகத்துக்கு ஓடினார். தன் காலத்தில் எல்லா வரைபடங்களையும் பிரதி எடுத்த அதே நகல் இயந்திரத்தில் வலது இறக்கையை நாலு தாளாகப் பிரதி எடுத்து, ஒட்டுநாடாவால் இணைத்து, 'உண்மை நகல்' என்று குத்திக் கையெழுத்திட்டார். மூலத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

நகலின்மேல் வலது இறக்கை வளர்ந்தது. நாலு நீளக்குச்சிகளையும் நகலின் அளவுக்குக் கச்சிதமாக வெட்டினார். வெட்டிய துண்டுகளை ஒரு உறையில் போட்டு 'மீதம் – அழிக்கக் கூடாது' என்று எழுதினார்.

தையல்காரம்மாவின் கழுத்தில் எந்நேரமும் ஒரு அளவு நாடா தொங்கும். ஆனால் அவருக்கு அது தேவைப்படவில்லை. கண்ணே சொல்லிவிட்டது.

"ஏங்க, இந்தக் கை குட்டையா இருக்கு."

"கை இல்லை. இறக்கை."

"எதுவோ ஒண்ணு. இடதுபக்கம் முப்பது இஞ்ச். இது இருபத்தெட்டு. அந்த நகல் மிஷின் ஓரத்துல வெள்ளை விடுறதுக்காகப் படத்தையே கொஞ்சம் சுருக்கிருது. என் சட்டை அச்சுத்தாளைக் கூட அப்படித்தான் ஒருதடவை கெடுத்துச்சு."

முத்திரையார் நகலைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன?"

"முத்திரை."

"என்னன்னு போட்டிருக்கு?"

"உண்மை நகல்னு."

"நான் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் அது எப்படிச் சுருங்கும்? உன் நாடா நீண்டுபோயிருக்கும். பழசு."

"நாடா நீண்டிருந்தா ரெண்டு பக்கமும்தானே தப்பாக் காட்டணும்?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அலுவலகத்தில் ஒரு சிறப்பான பதில் உண்டு. முத்திரையார் அதையே சொன்னார். "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்."

அடுத்த கூட்டம் புதன்கிழமை மாடியில் நடந்தது. ஜன்னல் சீட்டு வீட்டில் இரண்டு மணி நேரம், தேநீருடன். அந்த இரண்டு மணி நேரத்தில் மேசைக்குப் பக்கத்தில் தையல்காரம்மா மட்டும் தனியாக இருந்தார். மாதம் முடியப் பதினேழு நாள். தைத்து முடிந்தது ஆறு கோட்டு, அதிலும் ஒன்றுக்கு இரண்டு இடது கை. இந்த இறக்கையோடு விமானம் பறக்காது. விமானம் பறக்காமல் மேசை வராது. மேசை வராமல் கோட்டு வராது.

'மீதம் – அழிக்கக் கூடாது' உறையைப் பிரித்தார். உள்ளே நாலு துண்டுகள், ஒவ்வொன்றும் சரியாக இரண்டு அங்குலம். வளர்ந்த பிள்ளையின் சட்டைக் கைக்கு ஒட்டுத்துணி கொடுப்பதுபோல, குச்சி நுனியில் துண்டை வைத்து, பக்கத்தில் தாங்கலாக ஒரு சின்னக் குச்சியை வைத்துக் கட்டி, பசை வைத்து, கடைசி விலாத்துண்டை வெளியே நகர்த்தி நிறுத்தினார். உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. இடது இறக்கையை மேலே கவிழ்த்துப் பார்த்தார். நூலிழை பிசகவில்லை. அதிகாரபூர்வமாகத் தனக்கு ஒதுக்கப்பட்ட சில்லறை வேலையையும் அப்போதே முடித்துவிட்டார். சிவப்பு மேல்தாளைப் போர்த்தி இஸ்திரி போட்டதும் ஒட்டு மறைந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை காலை, திடலில் வெள்ளோட்டம். ஓட்டுபவர் முத்திரையார். தூக்கி எறியும் வேலைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதால் அது தையல்காரம்மாவுக்குக் கிடைத்தது. மோட்டார் உறுமியது. துணியை உதறி விரிக்கும் லாகவத்தில் ஒரு வீச்சு. விமானம் எழுந்தது!

பழகுகிறவர்களுக்கான விமானம் அது. தொந்தரவு செய்யாமல் விட்டால் தானே நேராகப் பறக்கும். முத்திரையாரும் தொந்தரவு செய்யவில்லை. ரிமோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எழுதிக் கொண்டுவந்த உரையை வாசிக்கத் தொடங்கியிருந்தார். உரை இரண்டாம் பக்கம் வந்தபோது பேட்டரி தீர்ந்து, விமானம் புல்லில் பூப்போல இறங்கியது.

"பார்த்தியா!" என்று குதித்தார். "இருபத்தெட்டாம்! குட்டையாம்! இப்ப என்ன சொல்றே?"

"மேசையைக் காலி பண்ணுங்கன்னு சொல்றேன்."

"பண்ணலாம். இது ஒத்திகைதானே? சனிக்கிழமை அலுவலகம் மொத்தமும் வருது. அதுக்கு முன்னால முடிப்பு அறிக்கைக்கு அளவு எடுக்கணும்."

விமானம் மறுபடி மேசைக்கே வந்தது. தையல்காரம்மாவின் நாடாவை வாங்கி முத்திரையார் அளந்தார். மறுபடி அளந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அளந்தார்.

"முப்பது!" என்று அலறினார். "அங்கீகரிச்ச அளவு இருபத்தெட்டு. இது எப்படி முப்பதாச்சு? யார் நீட்டினது?"

"நான்தான்."

"யாரைக் கேட்டு?"

"இடது இறக்கையைக் கேட்டு."

ஜன்னல் சீட்டு அவசரமாக வரவழைக்கப்பட்டார். "ஆனா பறந்துச்சே சார்," என்றார்.

"பறந்தது முக்கியமில்லை. நகல்படி பறந்துச்சா? அதான் கேள்வி. அதிகப்படி ரெண்டு அங்குலத்தை நீக்கணும்."

தையல்காரம்மா விரல்விட்டு எண்ணினார். மாதம் முடியப் பதிமூன்று நாள் இருந்தது. "ஏங்க, சனிக்கிழமை ஒருவேளை பறக்கலைன்னா?"

"நிகழ்ச்சி நடந்தாப் போதும். நடந்ததும் கோப்பை மூடிருவேன். மேசை உனக்கு."

"எழுதித் தாங்க."

எழுதித் தந்தார். தையல்காரம்மா தன் கத்தரிகளிலேயே மிகக் கூர்மையானதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை திடலில் மேடை, ஒலிபெருக்கி, முத்திரையாரின் படம் போட்ட ஆளுயரப் பதாகை. புது மேலாளர் பேசினார், ஜன்னல் சீட்டு பேசினார், முத்திரையார் பேசினார். பிறகு தையல்காரம்மா எறிந்தார்.

விமானம் எழுந்தது. எழுந்ததும் வலதுபக்கம் சாய்ந்தது. சாய்ந்து ஒரு வட்டம் போட்டது.

"மேடையைச் சுத்தி வந்து மரியாதை பண்ணுது!" என்றார் புது மேலாளர். எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டாவது வட்டம் சின்னது. மூன்றாவது வட்டம் அதைவிடச் சின்னது. நாலாவது வட்டம் போட இடமில்லாமல், பதாகையில் சிரித்துக்கொண்டிருந்த முத்திரையாரின் மூக்கைத் துளைத்து மறுபக்கம் போய், இருநூற்றுப் பதினான்கு துண்டுகளாகப் பழைய நிலைக்குத் திரும்பியது.

ஞாயிறு காலை விசாரணை அறிக்கை தயாராகிவிட்டது. 'விமானம் அங்கீகரிக்கப்பட்ட நகலின்படி இம்மி பிசகாமல் இருந்தது. எனவே அது விழுந்ததில் தவறேதும் இல்லை.' மேசை காலியானது. தையல்காரம்மா துணியை விரித்தார், சுண்ணக்கட்டியை எடுத்தார், அடுத்த ஆறு நாளும் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. ஒரு கோட்டுக்கும் இரண்டு இடது கை வரவில்லை. பழையதையும் பிரித்துச் சரிசெய்தார்.

மாதக் கடைசி நாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தார். நடைபாலம் சேராததால் இரண்டு மைல் சுற்று. மேட்ரன் நாற்பதையும் எண்ணிப் பார்த்து, அடுத்த வருட வேலையையும் அவருக்கே தந்தார். திரும்பும்போது பாலத்தின் கீழே நின்று, தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"காவல்காரரே, இது மொத்தம் எவ்வளவு நீளம்?"

"தொண்ணூறு அடிம்மா. நடுவுல ஆறடிதான் பாக்கி. வெயில் வந்தா நீண்டுரும்னு சொல்லியிருக்காங்க."

தையல்காரம்மா கழுத்து நாடாவைத் தொட்டுக்கொண்டார். முப்பதுக்கு இரண்டு. தொண்ணூறுக்கு ஆறு.

வீட்டுக்கு வந்தால் மேசைமேல் ஒரு தாள் காத்திருந்தது. முத்திரையார் வாசலில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். 'விளக்கம் கோரும் குறிப்பாணை. முதல் வெள்ளோட்டத்தின்போது விமானம் அங்கீகாரமின்றிப் பறந்துள்ளது. அது ஏன் பறந்தது, அதற்கு யார் பொறுப்பு என்று மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கவும்.' கீழே கையெழுத்து. முத்திரை.

மூன்று நாள் தேவைப்படவில்லை. தையல்காரம்மா சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

'விமானம் பறந்ததற்கு நானே பொறுப்பு. பாலத்துக்கு யார்?'