முந்நூறை நானூற்றைம்பதாக்கிய உபகுழு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு அதற்கு நிகரான ஒரு காரியம் உலகில் நடந்திருக்கிறது என்றால், அது 1999ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் திகதி, பூனாகலைக்குப் போகும் வழியிலுள்ள வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டத்து ஆபீசில், பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் நடந்தது. நெருப்பைக் கண்டுபிடித்தவர்கள் கூட்ட அறிக்கை எழுதி வைக்கவில்லை. நாங்கள் எழுதி வைத்தோம். எழுதியவன் நான்.

என் பெயர் கணபதி. தோட்டத்தின் சின்னக் கிளாக்கர். என் கையெழுத்து அழகானது என்று பதுளையில் படித்த காலத்திலேயே பெயர் எடுத்தவன். தொழிலாளர் வரவை எழுதும் செக்ரோல் புத்தகத்தில் பதினான்கு வருடமாக நான் போட்ட பேர்களைப் பார்த்தால் அச்சடித்தது போல இருக்கும். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நாள் முழுக்க நின்று, குறித்த கிலோ கொழுந்தைக் கொண்டுவந்து நிறுத்தால் முழுப்பேர். கொஞ்சம் குறைந்தாலும் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரைச் சம்பளம். எங்கள் தோட்டத்தில் குறித்த கிலோ பதினாறு.

இந்தச் செக்ரோலைத்தான் இனிக் கம்ப்யூட்டரில் போட வேண்டும் என்று கொழும்புத் தலைமை ஆபீஸ் உத்தரவிட்டது. பெட்டி, திரை, தட்டச்சுப் பலகை எல்லாம் அவர்களே அனுப்பினார்கள். உள்ளே இருக்க வேண்டிய மூளையை மட்டும் தோட்டமே மலிவாகப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தார்கள். மூளை விஷயத்தில் தலைமை ஆபீஸ் எப்போதுமே சிக்கனமாக இருந்துவந்திருக்கிறது.

உடனே ஓர் உபகுழு பிறந்தது. தலைவர், தோட்டத்து மனேஜரான துரை. அவர் பண்டாரவளை ஹோட்டல் ஒன்றில் மூன்று நாள் 'நிர்வாக விஞ்ஞானம்' படித்துச் சான்றிதழோடு திரும்பியிருந்த நேரம் அது. செயலாளர், பெரிய கிளாக்கர் ஸ்ரீஸ்கந்தராஜா. யாழ்ப்பாணத்து மனிதர். முப்பது வருடமாக இந்த மலையில் இருந்தும் குளிருக்குப் பழகாதவர். விலைக்கழிவு என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் உடம்பில் சூடு ஏறும். அறிக்கை எழுத நான். மூளைக்கு 'முறைவழியாக்கி' என்று அரசாங்கம் பெயர் வைத்திருப்பதாகப் பெரிய கிளாக்கர் அறிவித்தார். கூட்டத்தில் பாதி நேரம் அதை உச்சரிப்பதில் போயிற்று.

மேசையில் பதுளைக் கடை ஒன்றின் விலைப்பட்டியல் கிடந்தது. நானூற்றைம்பது வேகமுள்ள முறைவழியாக்கி பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு, கழிவு கிடையாது. முந்நூறு வேகமுள்ளது, கழிவு போக ஏழாயிரத்து ஐந்நூறு. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க மூன்று கூட்டங்கள் கூடின. மூன்றாவது கூட்டத்தில், அதாவது மேற்படி ஒன்பதாம் திகதி, பெரிய கிளாக்கர் தொண்டையைச் செருமினார்.

"முந்நூறு எண்டு பேர் போட்டு விக்கிறதை நானூற்றைம்பதுக்கு ஓட்டலாமாம் சேர். பதுளையில விசாரிச்சனான். உள்ளுக்கு ஒரு மணிக்கூடு மாதிரி இருக்காம். அதை வேகமா அடிக்க வைச்சா, இதுவும் வேகமா வேலை செய்யுமாம்."

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கேட்ட கேள்வியை அப்படியே பதிவு செய்திருக்கிறேன். "கூட வேலை செஞ்சா, கூடக் காசு கொடுக்கணுமா?"

"ஒரு சதமும் இல்லை சேர்."

இந்தத் தத்துவத்தை விளங்கிக்கொள்ள மற்றவர்கள் வருடக்கணக்கில் பொறியியல் படிக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு தோட்டத்துத் துரைக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. அதற்கு 'மிகைக்கடிகாரம்' என்று பெரிய கிளாக்கர் தமிழ்ப் பெயர் சூட்ட, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் அவரும் நானும் பஸ் ஏறினோம். ஹாலிஎல தாண்டும்வரை அவர் ஏழாயிரத்து ஐந்நூறை எப்படி ஏழாயிரமாக்குவது என்று எனக்கு ஒத்திகை நடத்திக் காட்டினார். கடைக்காரி ஸைனப். வாப்பா தையல் மெஷின் திருத்திய கடையை மகள் கம்ப்யூட்டர் கடையாக்கியிருந்தார். பெரிய கிளாக்கர் முந்நூறில் ஆறேழை எடுத்து வரிசையாக வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு காதருகே வைத்துத் தேங்காயைத் தட்டுவது போல விரலால் தட்டினார்.

"சேர், அது தட்டிப் பாத்துத் தெரியிற சாமான் இல்ல" என்றார் ஸைனப். "சிலது நானூத்தம்பதுக்கு ஓடும். சிலது படுத்துடும். அது அதோட தலையெழுத்து. என்னயக் கேட்டா முந்நூற முந்நூறாவே ஓட்டுங்க. நல்லா உழைக்கும்."

இப்படிப்பட்ட பிற்போக்கான யோசனையை அறிக்கையில் சேர்ப்பது முறையல்ல என்று பெரிய கிளாக்கர் கருதியதால் நான் சேர்க்கவில்லை. ஒத்திகை பலிக்காமல், முழு ஏழாயிரத்து ஐந்நூறுக்கே ஒன்றை வாங்கினோம். இருந்தாலும் ஸைனப் மனம் கேளாமல் ஒரு தாளில் செய்முறையை எழுதிக் கொடுத்தார். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல காற்றும் குளிர்ச்சியும் கொடுக்க வேண்டும். அசையாமல் நின்றுபோனால் அடிக்கவோ திட்டவோ கூடாது; இயங்கும் வரைக்கும் படிப்படியாக வேகத்தைக் குறைக்க வேண்டும்.

முக்கியமான கடிதங்கள் யாவும் அறிவித்தல் பலகையில் தொங்க வேண்டும் என்பது துரையின் கட்டளை. ஆகவே அந்தத் தாளை என் கையெழுத்தில் பிரதி எடுத்து, ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்துப் பலகையில் குத்தி வைத்தேன்.

முறைவழியாக்கிக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ள அனுமதியுங்கள். அது இருந்த அறைக்கு மேலே கூரை ஒழுகியது. அன்று பின்னேரமே தகரம் மாற்றப்பட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைகளைப் பற்றிய முறைப்பாடுகள் நான்கு வருடமாக ஒரு தனிப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு எந்தக் குறையும் வரவில்லை. காற்றாடி ஒன்று வந்தது. போதாதென்று இன்னொன்றும் வந்தது. மணிக்குப் பத்து நிமிடம் அதற்கு ஓய்வு கொடுத்தோம். முதல் வாரம் முந்நூற்று முப்பத்தெட்டு, அடுத்த வாரம் முந்நூற்று எழுபத்தைந்து, பிறகு நானூற்றைம்பது. அது ஓடியது. துரை எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

கேக்கைத் தின்றுகொண்டே அவர் ஜன்னல் வழியாக ஏழாம் நம்பர் மலையைப் பார்த்தார். நாற்பத்திரண்டு பெண்கள் அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு யோசனை உதிக்கும் கணத்தை நேரில் பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது.

"கணபதி, எழுது" என்றார்.

எழுதினேன். பதினாறு கிலோ என்பது பேர் போட்டு விற்ற வேகம் மட்டுமே. பறிக்கும் பிரிவும் 'படிப்படியாக' உயர்த்தப்படும். முதல் வாரம் பதினேழு. அடுத்த வாரம் பதினெட்டு. அதற்கடுத்த வாரம் பத்தொன்பது. மெஷினைப் போல நானூற்றைம்பதுக்குச் சமமாகப் பார்த்தால் இருபத்திநாலு வருகிறது என்று பெரிய கிளாக்கர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதுவரை போய்ப் பார்க்கலாம் என்று துரை சொன்னார்.

பத்தொன்பது வந்த வாரத்தில்தான் பெரியாயி ஜன்னலுக்கு வந்தார். மூன்று வருடத்துக்கு முன் அதே ஏழாம் நம்பர் மலையில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலையில் நிற்கும்போதே விழுந்து இறந்துபோன வீரசிங்கத்தின் மனைவி. நான் பிறந்த லயத்துக்கு அடுத்த லயம். பெரியாயி பதினாறு கிலோவைத் தவறவிட்டதை என் பதினான்கு வருடத்தில் நான் பார்த்ததில்லை. இந்த வாரம் பதினெட்டரை கொண்டுவந்தும் தொடர்ந்து நாலு நாள் அரைப்பேர். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பலகையை நிதானமாகப் படித்தார்.

"தம்பி, இது மெசினுக்கு எழுதுனதா, எங்களுக்கு எழுதுனதா?"

மெஷினுக்கு எழுதியது என்றும், பறிக்கும் பிரிவும் அதே விஞ்ஞான முறைப்படிதான் நடத்தப்படுகிறது என்றும் விளக்கினேன். ஒரே முறைதானா என்று மறுபடி கேட்டார். ஒரே முறைதான் என்று உறுதி சொன்னேன்.

"அப்ப நின்னுபோனா அடிக்க மாட்டாங்க, திட்ட மாட்டாங்க."

"மாட்டாங்க அக்கா. வேகத்தத்தான் கொறைப்பாங்க. விதி அப்படி."

"நல்ல விதிதான்" என்று கூடையை எடுத்துக்கொண்டு போனார். ஒரு தொழிலாளி நிர்வாக விஞ்ஞானத்தில் காட்டிய ஆர்வம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கங்காணி மூச்சிரைக்க ஓடிவந்தார். எல்லாம் நின்றுபோய்விட்டது என்றார். என்ன நின்றது என்று கேட்டால் எல்லாம் என்றார்.

போய்ப் பார்த்தோம். நாற்பத்திரண்டு பெண்களும் வரிசை கலையாமல் நின்றார்கள். கைகள் செடிமேல் இருந்தன. கண்கள் திறந்திருந்தன. யாரும் அசையவில்லை, பேசவில்லை, கேட்டதற்குப் பதில் இல்லை. வேலைநிறுத்தம் என்று சொல்ல வழியில்லை. வேலைநிறுத்தம் என்றால் கோரிக்கை இருக்கும், சங்கத்துக் கடிதம் இருக்கும், கோயிலடியில் கூட்டம் இருக்கும். இங்கே எதுவும் இல்லை. பெரியாயியின் மூக்கு நுனியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அதையும் அவர் விரட்டவில்லை.

பொலிசுக்கு அறிவிக்கலாம் என்று பெரிய கிளாக்கர் காதோடு சொன்னார். துரை விஞ்ஞானி. எங்கே இதைப் பார்த்தோம் என்று யோசித்தவர், கொஞ்ச நேரத்தில் என் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தாளை எடுத்துட்டு வா."

பலகையிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்து, அவர் சொன்னபடி மலையில் நின்று உரக்க வாசித்தேன். அடிக்கவோ திட்டவோ கூடாது என்ற இடத்தில் கங்காணி கையிலிருந்த பிரம்பைக் கீழே போட்டார். இயங்கும் வரைக்கும் படிப்படியாக வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று வாசித்து முடித்தேன்.

துரை மலையைப் பார்த்துச் சொன்னார். "பத்தொன்பது. பதினெட்டு."

அசைவில்லை.

"பதினேழு."

பின் வரிசையில் ஒருவர் தும்மினார். அதை இயக்கமாகக் கொள்ளலாமா என்று பெரிய கிளாக்கர் என்னிடம் கேட்டார். விதியில் தும்மலைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன். காற்றும் குளிர்ச்சியும் கொடுக்க வேண்டும் என்று இருந்ததால், வாளியில் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார் துரை. வாளி வந்தது. பெண்களின் கண்கள் மட்டும் வாளியைத் தொடர்ந்தன.

"பதினாறு" என்றார் துரை, வாய்க்குள்ளேயே.

பெரியாயியின் கை ஒரு கொழுந்தைக் கிள்ளியது. பக்கத்தில் இன்னொன்று. மலை முழுக்கச் சரசரவென்று சத்தம் எழுந்தது. மூக்கிலிருந்த ஈயை விரட்டிவிட்டு, "மெசினு ஓடுதுங்க தொரை" என்றார் பெரியாயி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அறிக்கைத் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அன்று இரண்டு வாளித் தேத்தண்ணி முடிந்தது. நாற்பத்திரண்டு முழுப்பேர் போட்டேன். இவ்வளவு சந்தோஷமாக நான் செக்ரோல் எழுதியதில்லை.

துரைக்குத்தான் மனம் ஆறவில்லை. ஆட்களில் இழந்த வேகத்தை மெஷினில் மீட்க வேண்டும் என்று தீர்மானித்தார். நானூற்றைம்பது ஓடியது ஐந்நூற்றுநாலும் ஓடும் என்று, ஓய்வு நேரத்தையும் நிறுத்தி, இராப்பகலாக ஓட்டச் சொன்னார். புதன்கிழமை பகல் வயர் கருகும் நாற்றம் வந்தது. திரை கறுத்தது. முறைவழியாக்கி காலமாயிற்று.

அந்தத் துக்கத்தை எழுத்தில் வடிக்க என்னால் ஆகாது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு இரண்டு நாள் கூடியது. ஸைனப்பைப் பதுளையிலிருந்து அழைத்துச் சாட்சியம் பதிந்தார்கள். முந்நூறை முந்நூறாகவே ஓட்டச் சொன்னதாக அவர் சொன்னபோது, அதை ஏன் அன்றே பதியவில்லை என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் முடிவு எழுதப்பட்டது: "குறித்த வேகத்துக்கு மேலாக, போதிய ஓய்வும் குளிர்ச்சியும் இன்றி வேலை வாங்கப்பட்டமையே மரணத்துக்குக் காரணம். இத்தகைய இழப்பு இனி நேராதவாறு நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்." வாசித்தபோது பெரிய கிளாக்கரின் குரல் தழுதழுத்தது. ஏழாயிரத்து ஐந்நூறு அல்லவா.

அதையும் பிரதி எடுத்துப் பலகையில் குத்தினேன். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டுப் போகும் வழியில் பெரியாயி நின்று படித்தார். ஒருமுறை படித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார்.

"வேலை கூடிப்போய்ச் செத்துச்சின்னு விசாரிச்சிருக்காங்களே. இதுக்கு முந்தி இங்க இப்படி விசாரிச்சிருக்காங்களா, தம்பி?"

இதுதான் முதல் தடவை என்று பெருமையோடு சொன்னேன். பழைய புத்தகங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். களவுபோன விறகுக்கு விசாரணை நடந்திருக்கிறது. பங்களாப் பசு மாடு காணாமல் போனதற்கு நடந்திருக்கிறது. வேலைப்பளுவால் ஒன்று செத்துப்போனதற்கு, தோட்டத்தின் நூற்றுப் பத்து வருடத்தில் இதுவே முதல் விசாரணை.

"எங்க வீட்டுக்காரர் விழுந்த அன்னைக்கு என்னா எழுதுனீங்க?"

இயற்கை மரணம் என்று ஆஸ்பத்திரியில் எழுதியதாகச் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும். நீங்க என்னா எழுதுனீங்க?"

96ஆம் வருடத்துச் செக்ரோலை இறக்கித் தூசி தட்டினேன். அந்த மாதம், அந்தத் திகதி, ஏழாம் நம்பர் மலை, வீரசிங்கம். காலை ஆறரைக்கு வேலைக்குப் போய்ப் பதினொரு மணிக்கு விழுந்தவர். அவர் பெயருக்கு நேரே, என்னுடைய அழகான கையெழுத்தில், அச்சடித்தது போல, அரைப்பேர் என்று இருந்தது.