மூன்று கிண்ணக் கோழி

'சோயா சாறு ஒரு கிண்ணம், நல்லெண்ணெய் ஒரு கிண்ணம், அரிசி மது ஒரு கிண்ணம்.' லியாவ் சமையல் புத்தகத்தை மறுபடியும் படித்துப் பார்த்தார். எந்தக் கிண்ணம் என்று மட்டும் எழுதியிருக்கவில்லை. அட்டையில் கைகட்டி நின்ற நட்சத்திர ஓட்டல் தலைமைச் சமையல்காரரின் முகத்தைப் பார்த்தார். அந்த ஆளும் சொல்வதாகத் தெரியவில்லை.

"பீசியா, கிண்ணம்னா எது?" என்று படுக்கையறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"கைக்கு எது கிடைக்குதோ அதுதான்." இடுப்பில் அறுவை சிகிச்சை செய்து படுத்திருந்த மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, நமக்கு எதுக்கு ஓட்டல் சமையல்? ரெண்டு நூடுல்ஸக் கிண்டி வைங்க, போதும்."

"சாப்பிட வர்ற மூணாம் மாடி யென் அம்மாவுக்கு நூடுல்ஸா? பேசாம படு."

கைக்குக் கிடைத்தது நூடுல்ஸ் சாப்பிடும் பெரிய கிண்ணம்.

லியாவ் தைவானில் தைனான் நகரப் பேருந்தின் ஓட்டுநர். எதிரே மாடு நின்றால்கூட ஹாரன் அடிக்கக் கூச்சப்படுவார். நன்றி என்ற சொல் அவருக்குத் தொண்டை வரை வரும்; வாய்க்கு வராது. அப்படிப்பட்டவருக்குப் பெரிய சங்கடம் வந்து சேர்ந்தது. பீசியா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதிலிருந்து, தினமும் விடிந்ததும் கதவுப் பிடியில் ஒரு சூப்புக் குடுவை தொங்கியது. ஒரு நாள் மீன், ஒரு நாள் விலா எலும்பு, ஒரு நாள் கருங்கோழியும் மூலிகையும். காலிக் குடுவையை வெளியே மாட்டினால் மறுநாள் நிறைந்திருக்கும். முகம் வெளுத்துப் போயிருந்த பீசியா அந்தச் சூப்பைக் குடித்துத்தான் எழுந்து உட்கார்ந்தாள்.

யார் அந்தப் புண்ணியவதி என்று தெரியாமல் தவித்தவர், ஒரு விடியலில் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டார். மூன்றாம் மாடி யென் அம்மா குடுவையை மாட்டிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் படியேறிக்கொண்டிருந்தாள்.

இத்தனை விதமாகச் சமைக்கத் தெரிந்தவளுக்குச் சாதாரணச் சாப்பாடா போடுவது? அன்றைக்கே புத்தகம் வாங்கினார். இரவுச் சாப்பாட்டுக்கு யென் அம்மாவை அழைத்தும் விட்டார்.

'தீ உச்சத்தில் இருக்க வேண்டும். மதுவை ஊற்றி வாணலியைச் சுழற்றவும். ஓட்டல் மணம் இதில்தான் இருக்கிறது' என்றது புத்தகம்.

ஊற்றினார். சுழற்றினார். மணம் வருவதற்கு முன்னால் தீ வந்தது. வாணலியிலிருந்து கிளம்பி, லியாவின் ஒரு பக்கப் புருவத்தை எடுத்துக்கொண்டு, மேலே புகையாகப் போனது. அவர் பதறிப்போய் மூடியைப் போட்டு அமுக்கினார்.

"என்னங்க, ஏதோ கருகுது!"

"புருவந்தான். நீ படு."

அதற்குள் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. மேல்மாடியில் இருக்கும் து என்ற பெரியவர் ஈரத் துண்டும் வாளியுமாக நின்றார். அந்தக் கட்டடத்தில் யார் தும்மினாலும் புகார் சொல்பவர் அவர்.

"டிரைவரே! வீட்டைக் கொளுத்தறதுன்னா முன்னாடியே சொல்லிட வேண்டாமா? துவைச்ச துணியெல்லாம் புகை நாத்தம்!"

"மன்னிச்சுக்குங்கண்ணே. யென் அம்மா சாப்பிட வராங்க. தினமும் சூப்பு குடுத்தாங்கல்ல, அதுக்குத்தான்..."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஓகோ. யென் அம்மாவுக்கா?"

"நீங்களும் வாங்கண்ணே," என்று லியாவ் சமாதானத்துக்குச் சொல்லிவைத்தார்.

மூடியைத் திறந்தார். கறுப்புக் குளத்தில் கோழி மூழ்கிக் கிடந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்ததும் கண்ணில் நீர் வந்தது. கடலையே காய்ச்சி இறக்கியது போல் அப்படி ஓர் உப்பு.

தண்ணீர் ஊற்றினார். உப்பு குறையவில்லை, குளம் ஏரியாயிற்று. இன்னும் ஊற்றினார். குழம்பு வாணலி விளிம்பைத் தொட்டது. எதிர்வீட்டு கோ அக்காவிடம் ஓடிப்போய், அவள் பண்டிகைக்குப் பலகாரம் அவிக்கும் அண்டாவைக் கேட்டார்.

"ரெண்டு பேர் சாப்பிட அண்டா எதுக்கு தம்பி? அந்தப் புருவம் எங்க?"

"அக்கா, நீங்களும் சாப்பிட வந்துடுங்க," என்றார் லியாவ். அண்டாவை இரவல் வாங்கிவிட்டு வேறென்ன சொல்வது?

அண்டாவில் ஊற்றியதும் கோழி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சந்தைக்குப் போய் இன்னும் இரண்டு கோழி வாங்கி வந்தார். குழம்பு நீர்த்துவிட்டதென்று மாவைக் கொட்டினார். அது கோலிக்குண்டு கோலிக்குண்டாகத் திரண்டது. கட்டிகளை மறைக்க டோஃபு போட்டார். டோஃபு தனியாகத் தெரிந்ததென்று அவித்த முட்டை போட்டார். முள்ளங்கியையும் விடவில்லை.

கடைசியில் 'ஒரு கைப்பிடி துளசி இலை' என்றிருந்தது. இந்த அண்டாவுக்கு ஒரு தோட்டமே வேண்டும். துளசித் தொட்டி வைத்திருப்பவர் து பெரியவர் ஒருவர்தான்.

"புகையும் நீ போடுவ, இலையும் நான் குடுக்கணும்," என்று திட்டிக்கொண்டே அவர் செடிகளை மொட்டையடித்துக் கொடுத்தார்.

இத்தனை பேர் உட்கார மேசை இல்லையே என்று தரைத்தள பான் தம்பதியிடம் போனார். அவர்கள் வட்ட மேசையை உருட்டிக்கொண்டே வந்து, லியாவுக்குப் போகச் சொல்ல வழியில்லாதபடி அங்கேயே உட்கார்ந்தும் விட்டார்கள். தங்கள் வீட்டுச் சோற்றுக் குக்கரையும் கொண்டுவந்திருந்தார்கள்.

கைத்தடி ஊன்றி மெதுவாக வெளியே வந்த பீசியா அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"இது மூணு கிண்ணக் கோழியா? மூணு தெரு திருவிழாச் சாப்பாடு மாதிரியில்ல இருக்கு!"

"சிரிக்காத. மானம் போகப் போகுது. அந்தம்மா ஒருத்திக்கு நல்லபடியா நாலு வாய் போடணும்னு நெனச்சேன். இப்பக் கூட்டத்துல அவங்களுக்கு ஒரு துண்டு கோழியாவது சிக்குமான்னு தெரியல."

யென் அம்மா வந்தாள். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, பிறகு எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். லியாவ் கரண்டி கரண்டியாகப் பரிமாறினார்.  ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோ அக்கா கிண்ணத்தை நீட்டி, "தம்பி, இன்னொரு கரண்டி ஊத்து," என்றாள். பான் முட்டைக்குக் கை நீட்டினார். எப்படியோ, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு ருசி அதற்கு வந்திருந்தது. பீசியா நோய்வாய்ப்பட்ட பிறகு முதல் தடவையாக இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

அதைப் பார்த்ததும் லியாவ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். இத்தனை வருஷம் வாய்க்கு வராத சொல் தானாக வந்தது.

"யென் அம்மா, எனக்குப் பேச வராது. என் பொண்டாட்டி இன்னைக்கு எழுந்து வந்து இங்க உக்காந்திருக்கான்னா, அது நீங்க ஒத்த ஆளா தெனமும் விடியக்காலையில எழுந்து காய்ச்சுன சூப்புதான். இந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்? ரொம்ப... ரொம்ப நன்றிங்க." இடுப்பை வளைத்துத் தலை தாழ்த்தினார். பீசியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

 யென் அம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. கோ அக்கா கிண்ணத்துக்குள் எதையோ தேடினாள். பான் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

து பெரியவர் மட்டும் தலை நிமிராமல் கோழி எலும்பை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"அந்தம்மா திங்கக்கெழமை மட்டுந்தான்யா டிரைவரே, செவ்வாய்க்கெழமை நான், மிச்ச நாளெல்லாம் இதோ இந்த மேசையைச் சுத்தித்தான் உக்காந்திருக்கு."