விண்டர்ஸ்கோம் பள்ளத்தில் ஒரு பிற்பகல்

லட்லோ,
திங்கட்கிழமை காலை

அன்பும் அதட்டலும் ஒருங்கே வாய்ந்த ஹெஸ்டர் அக்காவுக்கு,

தம்பி கிளெமென்ட் எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் சுகம். ஆபரேஷனில் வைத்த உன் புது இடுப்பும் அத்தானும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். "பொண்டாட்டி எடித் கண்ணை மூடி ரெண்டு வருஷமாச்சு, வீட்டுக்குள்ளயே கெடந்து பூசணம் பிடிச்சுப் போகாதே" என்று திட்டி, பழைய மாளிகைத் தோட்டங்களுக்கெல்லாம் வருஷம் முழுக்கப் போய்வர அட்டை வாங்கிக் கொடுத்தாயே, அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். அந்த அட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கோபிக்காமல் முழுக்கப் படி.

சனிக்கிழமை விண்டர்ஸ்கோம் மாளிகைக்குப் போனேன். ரோஜாவெல்லாம் பிரமாதம். புல்வெளி ஓரப் பாதையில் எதிரே ஒரு தம்பதி வந்தார்கள், நான் "நீங்க போங்க" என்று ஒதுங்கினேன், அவர்கள் "இல்லை, நீங்க போங்க" என்றார்கள், விட்டுக்கொடுப்பதில் நான் யாருக்குச் சளைத்தவன், இன்னும் ஓரடி பின்னால் வைத்தேன், அங்கே தரை இல்லை. ஆடு தோட்டத்துக்குள் வராமலிருக்க வெட்டிய பள்ளம் அது, தோட்டப் பக்கம் ஆளுயரக் கல்சுவர், ஆடு மேயும் பக்கம் சரிவு, மேலேயிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதற்கு ஹா-ஹா என்று பேர் வைத்தவன் நிச்சயமாக விழுந்தவன் இல்லை, வேடிக்கை பார்த்தவன்தான். தம்பதி நான் சமாதானமாக விலகிவிட்டதாக எண்ணி, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

பள்ளத்தில் ஏற்கெனவே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். தேவதாரு மரத்தைப் படம் பிடிக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்து விழுந்தாராம். "மன்னிச்சுக்கங்க, இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். "அய்யோ, நான்தான் கேக்காம வந்துட்டேன், மன்னிக்கணும்" என்றேன். பேர் பெரில் டக்வெல், பள்ளி வாத்தியாரின் விதவை. இதற்குள் மேலே ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு தோட்டம் சுற்றிக்காட்டும் பெண் வந்துவிட்டாள். "என்னங்க, விழுந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அத்தனை பேர் எதிரில் ரகளை பண்ணலாமா? "இல்லையில்லை, சுவத்தைப் பாத்துட்டிருக்கோம்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! "பாருங்க, இவங்கதான் ரசிகருங்க. எல்லாரும் பூவைப் பாத்துட்டுப் போயிடுறாங்க" என்று சொல்லி, அந்தச் சுவரைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தாள். நாங்களும் கல்லைத் தடவித் தடவித் தலையாட்டினோம். பிறகு கூட்டம் கைதட்டிவிட்டுப் போயிற்று.

நீ கேட்பாய், அந்தப் பக்கம் சரிவுதானே, நடந்து ஏறித் தொலைய வேண்டியதுதானே என்று. ஏறலாம் அக்கா. ஆனால் அங்கே ஒரு பலகை: 'மேய்ச்சல் நிலம். தயவுசெய்து நுழையாதீர்கள்.' தயவுசெய்து என்று கேட்ட பிறகு எப்படி நுழைவது? மழை வேறு தூற ஆரம்பித்தது. நீ கொடுத்த வெந்நீர்க் குடுவையை எடுத்தேன். ஒண்டி ஆளுக்கு ரெண்டு கிண்ணம் வைத்த குடுவை எதுக்கு என்று அன்றைக்கு உன்னிடம் முணுமுணுத்தேனே, அந்த ரெண்டாவது கிண்ணத்துக்கு நூறு நன்றி. அவர் ஒரு வெள்ளரிக்காய் சாண்ட்விச்சைப் பிட்டுப் பாதி கொடுத்தார். எடித்தைப் பற்றிப் பேசினேன். அவர் தன் வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றிப் பேசினார். "அப்ப எரிச்சலா வரும். இப்ப அது இல்லாம தூக்கம் வரலைங்க" என்றார். ஆடுகள் வரிசையாக நின்று எங்களைப் பார்த்தன.

கடைசியில் ஆட்டுக்காரன் வந்தான். "ஏறி வர வேண்டியதுதானே, என்ன பண்றீங்க?" என்றான். பலகையைக் காட்டினோம். "அட சாமி, அது குட்டி போடுற சமயத்துக்கு வெச்சதுய்யா! இப்ப ஜூலை!" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனிடம் மன்னிப்பும் நன்றியும் மாறிமாறிச் சொல்லி மேலே வந்தால் டீக்கடை மூடிவிட்டது. பெரில் அம்மாள் பஸ்ஸுக்கு ஓடினார். போன் நம்பர் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் என்ன நினைத்துக்கொள்வாரோ என்று, "மழை நல்லதுதான், தோட்டத்துக்கு" என்று உளறிவிட்டு நின்றேன்.

உன் குடுவையின் ரெண்டாவது கிண்ணமும் தொலைந்துபோயிற்று. மாளிகை அலுவலகத்தில் என் பேர், நம்பர் கொடுத்துச் சொல்லிவைத்திருக்கிறேன். போகட்டும். அக்கா, உண்மையைச் சொல்கிறேன். தனியாக இருப்பது எனக்குப் பழகித்தான் போயிருந்தது. சனிக்கிழமை சாயந்திரம் கதவைத் திறந்தபோது அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வீடு தாங்க முடியவில்லை. அதனால்தான் இனி எந்தத் தோட்டமும் வேண்டாம் என்கிறேன். அட்டையைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிடு.

அத்தானுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நெடுநாள் நன்றாயிருந்து, என்னைத் திட்டிக்கொண்டேயிருக்க வேண்டும்.

உன் நன்றியுள்ள தம்பி,
கிளெமென்ட்

பின்குறிப்பு: உறைக்குள் அட்டையைத் தேடாதே, இல்லை. ஒட்டப்போகும் நேரத்தில் போன் அடித்தது. "மன்னிச்சுக்கங்க, உங்க கிண்ணம் என் பையில வந்துடுச்சு. மாளிகையில கேட்டு நம்பர் வாங்கினேன். தபால்ல அனுப்பினா உடைஞ்சுடும் இல்லையா?" என்றார் பெரில். அது தகரக் கிண்ணம் அக்கா. "ஆமாங்க, கண்டிப்பா உடைஞ்சுடும்" என்றேன். வரும் சனிக்கிழமை விண்டர்ஸ்கோமுக்குப் போகிறோம். சுவரைச் சரியாகப் பார்க்கவில்லையாம்.