உருண்டைக்கு ஒரு சீட்

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணியும் உன் மகளும் விமானத்தை விட்டு இறங்கி, நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டி ஆபீசுக்கு நலமாக வந்து சேர்ந்தோம். மூவரில் நான் மட்டும் சட்டை இல்லாமல் நலம். நீ புது வேலையில் பயிற்சியில் இருப்பாய், போனை எடுக்க முடியாது என்பதால் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். மத்தியானமே வர வேண்டியவர்கள் இன்னும் வரவில்லையே என்று பதறாதே. மூன்று மாதமாகப் பிள்ளையைப் பார்க்காதவளுக்கு ஒரு நிமிஷம் ஒரு யுகம் என்று எனக்குத் தெரியாதா?

நீ போனில் என்ன சொன்னாய்? "அண்ணா, குழந்தை சீட் இல்லாம அவளை வண்டியில ஏத்தாதே. பின்பக்கம் பாத்த மாதிரி மாட்டணும். அசையக் கூடாது." அதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன். கிளம்புவதற்கு முன்பே இந்த ஆபீசுக்குப் போன் போட்டு, பிள்ளைக்கு ஒன்றரை வயசு, வீட்டில் உருண்டை என்று கூப்பிடுவோம், அதிலிருந்தே உடம்பைப் புரிந்துகொள்ளுங்கள் என்று விளக்கி, சீட்டுக்குத் தனியாகப் பதிவும் செய்தேன். வந்து பார்த்தால், டை கட்டின மேனேஜர் ஒரு மெத்தையைத் தூக்கி நீட்டறார். முதுகும் இல்லை, வாரும் இல்லை. ஸ்கூல் போற பிள்ளைங்க உயரத்துக்குப் போட்டு உட்கார்ற சமாச்சாரம் அது. "சார், இவ இதுல உட்கார்ந்தா முதல் வளைவுலயே பேருக்கேத்த மாதிரி உருண்டுடுவா"ன்னேன். "கொஞ்ச தூரம்தானே சார், மேடம் மடியில வெச்சுக்கட்டும். நாங்கள்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்"ங்கறார். வந்துதே எனக்குக் கோபம்! "வளர்ந்தவங்கதான் சார் வந்து இப்படிச் சொல்வாங்க. வளராமப் போனவங்க வந்து சொல்ல மாட்டாங்க"ன்னேன்.

உடனே அங்கிருந்த சோபாவுல சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "சீட் வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்." உருண்டையும் பக்கத்துல உட்கார்ந்து மேனேஜரை முறைச்சா. உன் ரத்தமாச்சே! அண்ணி மட்டும், "ஏங்க, டாக்சி பிடிப்போமா?"ன்னா. "டாக்சியில மட்டும் சீட் முளைச்சிருக்குமா?"ன்னேன். வர்றவங்க போறவங்கல்லாம் "என்ன விஷயம்?"னு கேக்க, ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லிச் சொல்லி மேனேஜருக்குத் தொண்டை கட்டிப்போய், கடைசியில வேற கிளைக்குப் போன் பண்ணினார். அங்கேருந்து ஒரு டிரைவர் நிஜமான சீட்டைத் தோள்ல தூக்கிட்டு வந்தார். "வாசல்ல வெள்ளை வண்டி, கதவு தொறந்தே இருக்கு, மாட்டிக்குங்க"ன்னு சொல்லி, கீழ வெச்சுட்டுப் போயே போயிட்டார்.

மாட்டிக்குங்களாம்! நான்தான் மாட்டிக்கிட்டேன். இத்தனை வருஷமா ஊர் சோபாவுக்கெல்லாம் மெத்தை தைக்கிறவன், இந்த ஒரு சீட் என்ன பிரமாதம்னு இறங்கினேன் பாரு, இந்தப் பக்கம் விட்ட பெல்ட் அந்தப் பக்கம் வருது, அந்தப் பக்கம் இழுத்தா எந்தப் பக்கமும் வரமாட்டேங்குது. அண்ணிதான் சீட் விலாவுல ஒட்டியிருந்த படத்தைப் பாத்துட்டு, "முதுகுப் பக்கம் இல்லீங்க, குழந்தை கால் நீட்டற பக்கமா பெல்ட் போகணும்"னா. அப்படியே விட்டு, முழங்காலை ஊன்றி, மொத்த எடையும் போட்டு, மூச்சுப் பிடிச்சு இழுத்தேன். 'டக்'. அசைச்சுப் பாத்தேன். வண்டிதான் ஆடுது, சீட் ஆடலை! ஜெயிச்சுட்டோம்னு எழுந்தா எழ முடியலை. என் சட்டையோட நுனியும் பெல்ட்டோட உள்ள போயிருக்கு. "கழட்டிட்டு மறுபடி மாட்டலாங்க"ங்கறா அண்ணி. "என் உயிரே போனாலும் அந்த பெல்ட்டைத் தொடாதே"ன்னு, பட்டனைக் கழட்டி, சட்டையை அங்கேயே விட்டுட்டு, பனியனோட வெளிய வந்தேன்.

உருண்டையை உட்கார வெச்சதும் வில்லா வளைஞ்சு அலறினா. தெருவே திரும்பிப் பாத்துது. நான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு வாரை மாட்டினேன். கொஞ்ச நேரத்துல தன் கால் கட்டைவிரலைத் தானே பிடிச்சுக்கிட்டுத் தூங்கிப்போனா. இப்போ அண்ணி அவ பக்கத்துல வண்டியில உட்கார்ந்திருக்கா, நான் உள்ள வந்து சாவிக்காகக் காத்துக்கிட்டு இதை எழுதறேன்.

சாவி கைக்கு வந்ததும் கிளம்புகிறேன். இருட்டுவதற்குள் உன் மகள் உன் கையில். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீயும் உன் உத்தியோகமும் செழித்து விளங்க வேண்டும்.

சொன்ன சொல் தவறாத,
உன் அண்ணன்.

பி.கு.: மேனேஜர் சாவியோடு வந்தார். அதன் பொத்தானை அமுக்கினார். பக்கத்தில் நின்ற இன்னொரு வெள்ளை வண்டி கண் சிமிட்டியது. நாங்கள் சீட் மாட்டியிருப்பது அவருடைய சொந்த வண்டியிலாம். கழுவிவிட்டு, காய்வதற்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தாராம். சீட்டைக் கழற்ற அவர் இழுத்துப் பார்த்தார், நான் இழுத்துப் பார்த்தேன். அசையக் கூடாது என்றாயே, அசையவில்லை. தூங்கும் பிள்ளையை எழுப்ப அண்ணியும் விடவில்லை. அதனால் டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அவரே ஓட்டி வருகிறார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓர் ஆள் கூடுதல். சீட்டைக் கழற்ற உனக்குத் தெரியும்தானே? தெரியாவிட்டால் அவருக்கும் ஒரு பாய் போட்டு வை.