உள்தாழ்ப்பாள் இல்லாத டாங்கி

கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு சினிமா தியேட்டரைப் போல வசதியான இடம் வேறு கிடையாது. இருட்டாக இருக்கும். எல்லோரும் கத்துவார்கள், நாம் கத்தாமல் இருப்பது யாருக்கும் தெரியாது. முப்பது வருடமாக எங்கள் நாயகனின் படங்களை முதல் நாள் முதல் காட்சி பார்த்து வருகிறேன். (பெயரைச் சொல்ல மாட்டேன். போட்டி நடிகரின் ரசிகர்கள் இரண்டு பேர் என் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறார்கள்.) இத்தனை வருடத்தில் ஒரு விசில்கூட அடித்ததில்லை. விரலை வாய்வரை கொண்டுபோவேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பினால் மீசையைத் தடவிக்கொள்வேன்.

அப்படிப்பட்ட நான், ஒரு யுத்தப் படத்தின் மிக முக்கியமான கட்டத்தில், தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, தொண்டை கிழியக் கத்தினேன். அதற்குக் காரணம் நான் செய்த ஒரு டாங்கி.

அந்தப் படத்தில் எங்கள் நாயகன் பாலைவனத்தில் டாங்கிப் படையை நடத்தும் மேஜர். இரண்டு தடவை தேதி தள்ளிப்போனதால் ஊரே வெறிபிடித்துக் கிடந்தது. டிரெய்லரை நான் மட்டும் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். காசிமேட்டில் மீன் வாங்கப்போனால்கூட, கடைசியில் மேஜர் சாவாரா மாட்டாரா என்றுதான் பேச்சு. சாவார் என்று சொன்னவருக்கு ஒரு மீன்கார அம்மா வஞ்சிரம் தரமாட்டேன் என்று கூடையை மூடியதை நானே பார்த்தேன்.

தண்டையார்பேட்டைப் பக்கம் எங்கள் தியேட்டர். ரசிகர் மன்றத் தலைவர் பாபு அண்ணன் கூட்டம் போட்டார். மாதவரம் மன்றத்துக்காரர்கள் தங்கள் தியேட்டர் வாசலில் தெர்மாகோல் ஹெலிகாப்டர் நிறுத்தப்போகிறார்களாம். நாம் என்ன செய்வது என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த காதர் பாயிடம் மெதுவாக, "டாங்கி செய்யலாம்" என்றேன். காதரின் குரல் என் குரலைப் போன்றது அல்ல.

"அண்ணே, ஏழுமல டாங்கி செய்றேன்றான்."

பாபு அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. பேனரில் என் பெயர் ஒரு தடவையும் வந்ததில்லை. நான் மன்றத்தில் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் எழுந்துவந்து என் தோளில் கைவைத்தார்.

"இந்தத் தபா கட்அவுட்டு கெடையாது. மோளம் கெடையாது. ஏழுமல டாங்கிதான். எட்டே முக்காலுக்கு தியேட்டராண்ட வந்து நிக்கணும். நம்ம மானம் உன் கைல கீது நைனா."

நான் எண்ணூர் பக்கம் ஒரு யார்டில் வெல்டர். கப்பலில் வரும் கண்டெய்னர் பெட்டிகள் அடிபட்டு வரும், அவற்றுக்கு ஒட்டுப்போட்டு நேராக்குவது என் வேலை. அழகு வேலை செய்கிறவன் டாங்கியைத் தெர்மாகோலில் செய்திருப்பான். எனக்குத் தெரிந்தது இரும்பு. முதலாளியிடம் கேட்டு, கழித்துப்போட்ட பெட்டி ஒன்றிலிருந்து தகடு வெட்டி, காதர் ஓட்டும் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியின் மேல் டாங்கியைக் கட்டினேன். எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்து மேல்கோபுரம். பிவிசி குழாயில் பீரங்கி. பச்சை பெயிண்ட் அடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பீரங்கியில் புகை வரவேண்டும் என்றார் பாபு அண்ணன். காதரின் அண்ணன் கடைகடையாகப் போய்ச் சாம்பிராணி போடுகிறவர். அவருடைய தூபக்காலை வாங்கிக்கொண்டோம். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து விசிறினால் குழாய் வழியாகப் புகை போகும். அந்த ஆள் நான்தான். வெளியே நின்று கையசைக்கச் சொல்லியிருந்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பேன். உள்ளே இருக்கலாம், யாரும் பார்க்கமாட்டார்கள் என்றதும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

பின்பக்கத்துக் கதவுக்குக் கண்டெய்னர் கதவின் கம்பியும் கைப்பிடியும் போட்டேன். இருபது வருடமாகக் கை பழகிய சாமான். அது வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். பெட்டிக்குள் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பான் என்ற நினைப்பே எங்கள் தொழிலில் கிடையாது. மேலே டிரம் வழியாக வரலாமே என்பீர்கள். அங்கே கொடிக்கம்பத்தை வைத்து நன்றாகப் பற்றவைத்துவிட்டேன். (என் பற்றவைப்பு விடாது. அதில் எனக்குப் பெருமை உண்டு.)

படம் வெளியான அன்று காலை ஏழரைக்கு யார்டிலிருந்து கிளம்பினோம். ராணுவச் சட்டை போட்டுக்கொண்டு, கங்கு மூட்டிய தூபக்காலோடு உள்ளே ஏறினேன். காதர் கதவைச் சாத்திக் கைப்பிடியை மடக்கினார்.

"ஹை ரோட்ல போனா கூட்டம் கூடிக்கும் மாமு. எல்லாரும் பாத்துட்டா தியேட்டராண்ட இன்னா கெத்து? பீச் ரோட்ல போயி டோல்கேட்டாண்ட உள்ள திரும்பிக்கலாம்" என்றார்.

அந்தக் கடலோரச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் என்பது எங்கள் இருவரைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆனால் படம் வெளியாகும் நாளில் எங்களுக்கு மூளை தியேட்டருக்கு முன்னாடியே போய்விடும்.

இரும்பு டாங்கியைச் சுமந்த குட்டியானை, மாட்டுவண்டியைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனது. எர்ணாவூர் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு டிரெய்லர், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வலப்பக்கம் நடுச்சுவர். டோல்கேட் வந்தது. நான் பீரங்கிக் குழாயின் வழியாக எட்டிப் பார்த்தேன். திரும்ப வேண்டிய தெரு ஒரு ரூபாய்க் காசு அளவில் தெரிந்தது. நடுவில் இருந்த திருப்பத்தை அடைத்துக்கொண்டு இன்னொரு டிரெய்லர் நின்றது. தெரு மெதுவாக நகர்ந்து பின்னால் போய்விட்டது.

"காதர், திரும்பு" என்றேன்.

"எங்க திரும்புறது? கடலுக்கா?"

அப்புறம் வண்டி நின்றது. நின்றதும் கடற்காற்று பீரங்கிக்குள் நுழைந்தது. அதுவரை வெளியே போன சாம்பிராணிப் புகை முழுவதும் திரும்பி என்னிடமே வந்தது. இருட்டில் கதவைத் துழாவினேன், உள்பக்கம் பிடிக்க எதுவும் இல்லை. கதவைத் திற என்று தகட்டைத் தட்டினேன். காதர் இறங்கிப் போய்ப் பார்த்தார். பின்னால் நின்ற டிரெய்லரின் மூக்கு எங்கள் கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த டிரைவர் தலையை நீட்டி, "இன்னா பாய், சண்டைக்குப் போறியா? போருக்கும் கியூல நின்னுதான் போவணும்" என்றார்.

போன் அடித்தது. என் மனைவி செல்வி. கல்யாணமானதிலிருந்து முதல் நாள் சினிமாவுக்கு வராதவள், டாங்கிக்காக அன்றைக்கு வந்திருந்தாள். தெருவில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு.

"எங்கய்யா கீற? எல்லாரும் ரோட்டப் பாத்துகினு கீறாங்க."

"டாங்கில கீறேன்."

"அது தெரியும். டாங்கி எங்க கீது?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன். இருமினேன்.

"மணி ஒம்போது. பாபு அண்ணன் மூஞ்சியப் பாக்க முடியல" என்று வைத்துவிட்டாள்.

ஒன்பது. அங்கே படம் ஆரம்பித்துவிட்டது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக என் நாயகன் நான் இல்லாமல் திரைக்கு வருகிறார். கட்அவுட் இல்லை, மேளம் இல்லை, டாங்கியும் இல்லை. என்னை நம்பின ஒரே காரணத்துக்காக எங்கள் தியேட்டர் வாசல் சும்மா கிடக்கிறது. இருட்டில் கண் எரிந்து அழுதேன். புகையால் பாதி.

வரிசை எங்களைத் தள்ளிக்கொண்டுபோய்த் துறைமுக வாசலில் விட்டது. ஒரு தடி டாங்கியைத் தட்டும் சத்தம்.

"பெட்டி நம்பர் தெரியுது, காகிதம் எங்கே?" என்றது ஒரு குரல். கதவில் பச்சை பெயிண்டுக்கு அடியில் பழைய கண்டெய்னர் எண் தெரிந்ததாம். "உள்ளே என்னய்யா, பூஜை நடக்குதா?"

"சார், என் தோஸ்து சார்" என்றார் காதர்.

பின்னால் இருந்த டிரெய்லரைப் பின்னுக்குப் போகச் சொல்லிக் கதவைத் திறந்தார்கள். புகையோடு புகையாக நான் வந்து விழுந்தேன். முகமெல்லாம் கரி. லாரி டிரைவர்கள் அத்தனை பேரும் இறங்கிச் சுற்றி நின்றார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது கிடையாது, என் கல்யாணத்தில்கூட.

காவலுக்கு நின்றவர் நரைமீசைக்காரர், வேலூர் பக்கத்துப் பேச்சு. கோபமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் டாங்கியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, தகட்டின் இணைப்பில் விரலை ஓட்டினார்.

"யார் பத்தவச்சது?"

"நான்தான் சார்."

"பட்டாளத்துல பதினெட்டு வருஷம் டாங்கியிலதாம்பா குடும்பம் நடத்துனேன்" என்றார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். தொப்பியைக் கழற்றிக் காதர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார். "கொஞ்சம் சாத்து" என்றார்.

சாத்தினோம். டிரைவர்கள்கூட ஹாரன் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தகட்டைத் தட்டினார். இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. சாம்பிராணிப் புகை என்றார். நானும் சற்று முன் அதைத்தான் சொல்லிக்கொண்டேன் என்பதால் எதிர்த்துப் பேசவில்லை.

"எல்லாம் நல்லா செஞ்சிருக்க. உள்ளேயிருந்து திறக்குற தாப்பா எங்கே?"

"வெக்கல சார்."

"டாங்கிக்கு அதுதாம்பா முதல். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்."

அவரே நடுரோட்டில் நின்று கையைக் காட்டி, டிரெய்லர்களை நிறுத்தி, எங்கள் வண்டியைத் திருப்பி அனுப்பினார். படம் பார்க்க ஆசையாம், அன்றைக்கு டியூட்டியாம். கிளம்பும்போது விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். எனக்கா டாங்கிக்கா என்று தெரியவில்லை. நானும் அடித்தேன், இடது கையால்.

தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. வாசலில் ஒருவரும் இல்லை. டாங்கியை நிறுத்திவிட்டு, கரிமுகத்தோடு இருட்டுக்குள் நுழைந்தேன். திரையில் கடைசிச் சண்டை. மேஜரின் டாங்கியில் குண்டு விழுந்து தீப்பிடித்துவிட்டது. உள்ளே புகை. அடிபட்ட டிரைவரை மடியில் போட்டுக்கொண்டு மேஜர் இருட்டில் கையால் துழாவுகிறார். அந்தப் புகை எனக்குத் தெரியும். அந்தத் துழாவல் எனக்குத் தெரியும். தியேட்டரில் இருமல்கூட இல்லை. மேஜரின் கை ஓரிடத்தில் போய் நின்றது. ஒரு கொண்டியைப் பிடித்தது. திருப்பியது. மூடி திறந்து வெளிச்சம் வந்தது.

"தாப்பா வெச்சிருக்காண்டா!" என்று கத்தினேன்.

பால்கனிவரை கேட்டது. ஒருவர் சிரித்தார். பிறகு நான்கு பேர். பிறகு மொத்தத் தியேட்டரும். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் மேஜர் டிரைவரை வெளியே தள்ளிவிட்டு உயிரைவிட்டார். (இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.) எங்கள் நாயகனின் சாவுக்குச் சிரித்த தியேட்டர் தமிழ்நாட்டிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அழுவதற்காக மறுநாள் திரும்பவும் டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. இருட்டிலிருந்து செல்வியின் குரல் வந்தது: "அது எங்கூட்டு ஆளுதான். விடுங்க, இன்னிக்குத்தான் வாயத் தொறந்துச்சு."

வெளியே வந்த ஜனங்கள் டாங்கியைப் பார்த்தார்கள். நான் ஓடி டாங்கிக்குள் ஒளிந்துகொண்டேன். அவர்கள் டாங்கியைத் தியேட்டர் வாசலில் மூன்று சுற்றுத் தள்ளிக்கொண்டு ஆடினார்கள். பாபு அண்ணன் பேசவே மாட்டார் என்று பயந்தேன். அவர் கதவைத் திறந்து, என்னைக் கட்டிப்பிடித்து, என் கரியைத் தன் வெள்ளைச் சட்டையில் வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உள்தாழ்ப்பாள் வைத்தேன். நரைமீசைக்காரர் வந்து திருப்பிப் பார்த்துச் சரி என்றார். அவரைப் படத்துக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கட்டம் வந்தபோது இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

அடுத்த படத்துக்கு வைத்த பேனரில் என் போட்டோவும் வந்தது, கரிமுகத்தோடு. மற்றவர்களுக்கெல்லாம் சிங்கம், புலி என்று பட்டம். எனக்கு 'தாப்பா ஏழுமலை'. செல்விக்கு அதில் ஏகப் பெருமை. வேலை முடிந்து நான் வரத் தாமதமானால் மட்டும், கதவைத் தட்டத் தட்டத் திறக்கமாட்டாள். உள்ளேயிருந்து குரல் வரும்:

"தாப்பா உள்ள கீறவங்களுக்குத்தான். வெளிய கீறவன் கியூல நில்லு."