ஐந்தும் ஒரே அளவு

கார்க் கதவைத் திறந்து, குந்தி உட்கார்ந்து, அதன் இடுக்கில் ஒட்டியிருந்த சின்ன லேபிளை மறுபடியும் ஒருமுறை படித்தார் மருந்துக்கடைக்காரர். பிறகு எழுந்து போய் நான்கு சக்கரங்களையும் சுற்றிப் பார்த்தார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றாள் மனைவி வாசலிலிருந்து.

"அண்ணன் தப்புப் பண்ணியிருக்கார்."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தனை அண்ணன்? லேபிள்ல என்ன போட்டிருக்கு? முன்னாடி ஒல்லிச் சக்கரம், பின்னாடி குண்டுச் சக்கரம். இது பந்தய வண்டி மாதிரி. எஞ்சினோட வேகமெல்லாம் பின்னாடிதான் போகுது. அதுக்காகத்தான் செஞ்சவனே அப்படிக் குடுத்திருக்கான். இவர் என்னடான்னா நாலையும் ஒரே அளவா மாட்டி வச்சிருக்கார். ஸ்டெப்னியும் அதே அளவு."

"ஓடுதில்ல? ஓடுற வண்டிய எதுக்கு நோண்டணும்?"

லேபிளைப் படித்தே பிழைத்தவர் அவர். சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதியிருந்தால் பின்தான், அதில் பேச்சே கிடையாது. கடைக்குள் அவர் கை தவறியதே இல்லை. தவறுவதெல்லாம் கடைக்கு வெளியேதான். சின்ன வயதில் டார்ச்சுக்குள் பேட்டரியைத் திருப்பிப் போட்டவர் அவர். சட்டையின் உள்பக்கத்தை வெளியே காட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர். தண்ணீர்க் குழாயை எதிர்ப்பக்கம் முறுக்கிக் கையோடு பெயர்த்தவர். அண்ணன் அப்போது வைத்த பெயர் 'தலைகீழ்'. தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் நரைக்கவில்லை. ஒரே ஒரு தடவை, 'நீ பண்ணதுதாண்டா சரி' என்று அண்ணன் வாயால் கேட்டுவிட வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

அதற்கும் இனி நாள் இல்லை. அண்ணனுக்குக் கண் மங்கி மங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். உயிராக வைத்திருந்த காரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் அண்ணியோடு, கடல் தாண்டி இருக்கும் மகள் வீட்டுக்கே போகிறார். போகும் முன் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை என்னை ஏரி ரோட்டுல ஒரு சுத்து கூட்டிட்டுப் போடா. அந்த வளைவெல்லாம் இன்னொரு தரம் உடம்புல வாங்கிக்கணும். கண்ணுக்குத் தெரியாட்டி என்ன?"

இன்று சனிக்கிழமை. நாளை லேபிள்படி சக்கரம் மாட்டிய காரில் அண்ணனை உட்காரவைத்து, அந்த வளைவிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

டயர்க் கடைக்காரர் காரைப் பார்த்துத் தயங்கினார். "நாலும் ஒண்ணா இருக்கறதும் நல்லதுதான் சார். முன்னாடி பின்னாடி மாத்திப் போட்டு ஓட்டலாம், சமமாத் தேயும். வளைவுல வண்டி மூஞ்சி நல்லாத் திரும்பும்னு சிலர் வேணும்னே போடுவாங்க."

"லேபிள்ல அப்படி இருக்கா?"

"இல்ல."

"அப்ப மாத்துங்க."

மாற்றினார்கள். பழைய நான்கையும் கடைக்காரர் புதியவற்றுக்கு ஈடாக எடுத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் காரை வெளியே எடுப்பதற்குள் இன்னொருவர் வந்து அந்த நான்கையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார்.

வீட்டுத் தெரு முனையில் பின்பக்க இடது குண்டுச் சக்கரத்தில் ஆணி ஏறியது. பரவாயில்லை, ஸ்டெப்னி இருக்கிறது. மாட்டினார். அதுவோ அண்ணனின் பழைய அளவு, குண்டும் இல்லை ஒல்லியும் இல்லை. கார் இடது தோளைச் சரித்துக்கொண்டு நின்றது.

பின்னால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும் அல்லவா? ஜாக்கியும் செங்கல்லுமாக வலது பக்கம் போனார். அங்கிருந்த குண்டைக் கழற்றினார். அதே பக்கம் முன்னாலிருந்த ஒல்லிதான் ஸ்டெப்னி அளவுக்குக் கிட்ட என்று, அதைக் கொண்டுவந்து பின்னால் மாட்டினார். கையில் மிஞ்சிய குண்டை, வேறு வழியில்லாமல், முன்னால் மாட்டினார். எட்டி நின்று பார்த்தார். நான்கு சக்கரத்தில் மூன்று அளவு இருந்தது.

ஓட்டிப் பார்த்தார். நேராகப் போகும்வரை ஒரு குறையும் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால்தான் முன் குண்டு மட்கார்டில் உரசி அலறியது.

உரசுவதை எடுத்துவிட்டால் உரசாது. கடையிலிருந்து பேண்டேஜ் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, மட்கார்டுக்குள் இருந்த பிளாஸ்டிக்கை நறுக்கினார். பாதி வந்தது. மீதி தொங்கிக்கொண்டு ஆடியது. அதைக் கட்டுத்துணியால் சுற்றி, மேலே பிளாஸ்டர் ஒட்டினார்.

மனைவி வந்து பார்த்தாள். "ஊசி போடலையா?" என்றாள்.

டயர்க் கடைக்குப் போன் செய்தார். கடை மூடியாயிற்று, பஞ்சர் ஒட்டுவதானாலும் இனி திங்கட்கிழமைதானாம். அண்ணனுக்குப் போன் செய்தார்.

"அண்ணா, நாளைக்கு வேணாமே. இன்னொரு நாள்..."

"எந்த நாள்டா? நான் போடப்போற சட்டையக்கூட எடுத்து வச்சுட்டேன்."

"சரி அண்ணா," என்று போனை வைத்தார்.

ஞாயிறு காலை அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு, அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். காரில் ஏறும் முன் டயரைத் தடவிப் பார்ப்பது அவர் பழக்கம். கை தானாகக் கீழே போனது.

"வேணாம் அண்ணா, சட்டை அழுக்காயிடும்," என்று தம்பி அவரை அணைத்துத் தள்ளாத குறையாக உள்ளே உட்காரவைத்தார். அண்ணி பின்னாலிருந்த குட்டி இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஏரி ரோடு வரைக்கும் அண்ணன் முகத்தில் சிரிப்பு இருந்தது. முதல் வளைவில் கர்ரென்று சத்தம் கேட்டது.

"என்னடா அது?"

"ரோடு சரியில்ல அண்ணா."

இரண்டாம் வளைவில் ரப்பர் கருகும் வாடை வந்தது. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டார். மூன்றாவது வளைவில் டப்பென்று வெடித்து, கார் நொண்டியபடி ஓரமாகப் போய் நின்றது. தம்பி இறங்கி ஓடி டிக்கியைத் திறந்தார். உள்ளே, ஆணி ஏறிய குண்டுச் சக்கரம் படுத்திருந்தது.

"முன்னாடி வலதுல குண்டு மாட்டியிருக்க," என்றார் அண்ணன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "பின்னாடி ரெண்டும் வேற வேற. சரியா?"

"எப்படி அண்ணா..."

"கண்ணுதான்டா போச்சு."

மருந்துக்கடைக்காரருக்கு அழுகையும் வீம்பும் சேர்ந்து வந்தன. நேற்றிலிருந்து தேக்கி வைத்திருந்த வாக்கியம் அவரைக் கேட்காமலே வெளியே விழுந்தது. "லேபிள்படிதான் அண்ணா வாங்கினேன். ஆணி ஏறினதுனாலதான் மாறிப்போச்சு. நீங்கதான் தப்பா எல்லாத்தையும் ஒரே அளவா போட்டிருந்தீங்க."

அண்ணன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமாண்டா," என்றார். "லேபிளப் பாத்தா நீ பண்ணதுதான் சரி."

வாழ்நாளெல்லாம் கேட்க நினைத்த வார்த்தை. நடுரோட்டில் ரப்பர் வாடைக்கு நடுவே அது வந்து சேர்ந்தபோது, ஏன்தான் கேட்டோமோ என்று இருந்தது அவருக்கு. அண்ணன் கதவைத் தடவித் திறந்து, இறங்கி, ஏரிப் பக்கத்துக் குட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தார். முகத்தைக் காற்றுக்குக் காட்டினார்.

"இன்னும் ஏழெட்டு வளைவு இருந்திருக்கும்," என்றார், யாரையும் குறை சொல்லாத குரலில். குறை சொல்லியிருந்தால் தேவலை.

தம்பி ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு வெடித்த சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். இந்த ரோட்டில் அண்ணனை இனி யார் எப்போது கூட்டிவரப் போகிறார்கள்? பழைய சக்கரங்களும் எந்த ஊரில் யார் வண்டியில் உருள்கின்றனவோ. ஒரு நாள் சும்மா இருந்திருக்கலாம். வெறும் ஒரு நாள்.

அண்ணி பின் இருக்கையிலிருந்து ஒருவழியாக வெளியே வந்தாள். மட்கார்டிலிருந்து அவிழ்ந்து காலில் சுற்றிய கட்டுத்துணியை நிதானமாக எடுத்து மடித்தாள்.

"அண்ணி, உங்களுக்கும் இந்த விஷயம் முன்னாடியே தெரியுமா?" என்று அவர் நிமிராமல் கேட்டார். "லேபிளுக்கு மாறா மாட்டினது?"

"தெரியாம என்ன தம்பி? அந்தக் குண்டுச் சக்கரம்னா அவருக்கு உசுரு. தினம் தொடச்சு வைப்பார். கண்ணு இனி தேறாதுன்னு டாக்டர் சொன்ன வாரமே எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டார்."

"ஏன் அண்ணி?"

அண்ணி சுவரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"'வண்டி இனிமே தலைகீழ்கிட்டத்தான் போகும், அஞ்சும் ஒரே அளவா இருந்தாத்தான் அவன் எதை எங்க மாட்டினாலும் சரியா இருக்கும்'னார்."